வெள்ளைப் பெட்டியின் பொலிஸ் பதிவு

தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய பெட்டியில் எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு எதிலும் சந்தேகம் வரும் என்று அம்மா இருந்த காலத்தில் சொல்லுவா. மீன்காரன் சிரித்தால் மீன் பழசு என்பேன். வங்கியில் ஒருவர் மரியாதையாகக் கதைத்தால் கடிதத்தை இரண்டாம் தரம் வாசிப்பேன். அது யுத்தத்தின் கடைசி வருடங்கள். சந்தேகப்படாதவர்கள் அப்போது கொழும்பில் இருக்கவும் முடியாது.

வெள்ளவத்தையில், கடலை நோக்கிப் போகும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் நானும் அப்பாவும் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலி வந்து ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய பிறகு, வைத்தியத்துக்கென்று நான்தான் அவரைக் கொழும்புக்குக் கூட்டிவந்தேன். தேவையில்லாமல் படி ஏறக்கூடாது, வெயிலில் தனியே திரியக்கூடாது, நெடுநேரம் தனியே விடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டையும் அப்பா பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது என் தலையில் விழுந்தது. எனக்குப் புறக்கோட்டையில் இறக்குமதிச் சாமான்களுக்குப் பத்திரம் எழுதும் கந்தோரில் வேலை. காலை ஏழரைக்குப் போனால் வர ஆறு மணி. சமைக்க வரும் அக்கா பத்து மணிக்குப் போய்விடுவா. பத்திலிருந்து ஆறுவரை அப்பா தனி. அதற்குள் அவர் விழுந்தால் யாருக்கும் தெரியாது. கந்தோரில் பேனையைப் பிடித்தபடி நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

தம்பிக்கு லண்டனில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளில் இப்படியான சாமான்கள் பூட்டுகிற வேலை. ஒரு நண்பரின் தாயார் இங்கே வந்தபோது அவவின் பெட்டிக்குள் வைத்து அதை அனுப்பிவிட்டான். புத்தகமளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. முன்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, பின்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அன்ரெனா. வாசற்கதவில் ஒட்ட ஒரு சின்னக் காந்தம். படுக்கை விரிப்புக்குக் கீழே போட ஒரு தட்டையான பாய். கழுத்தில் மாட்ட, அழுத்தினால் வேலை செய்யும் பொத்தான் ஒன்று. கதவு திறந்தால் பெட்டிக்குத் தெரியும். அப்பா படுத்தால் தெரியும், எழும்பினால் தெரியும். பெட்டி அதையெல்லாம் எங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக ஒருநாளில் நாலைந்து தரம் லண்டனுக்குச் சொல்லும். நெடுநேரம் எதுவும் அசையாவிட்டால் உடனே சொல்லும். தம்பி போனில் சொல்லச் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கதிரையில் ஏறி நின்று நான்தான் எல்லாவற்றையும் பூட்டினேன்.

அப்பா கீழே நின்று கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உது என்ன பாஷையிலை அவனுக்குச் சொல்லும்?"

"அதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு அப்பா?"

"இல்லை, என்னைப் பற்றிக் கோள் சொல்லுறதைச் சரியாச் சொல்லுதோ எண்டு பாக்கத்தான்."

பொத்தானை அவர் கழுத்தில் மாட்டவேயில்லை. குளிக்கும்போது நனைந்துவிடும் என்று சாமிப்படத்துக்குக் கீழே ஆணியில் கொழுவி வைத்தார்.

இரண்டாம் கிழமையே தம்பி போனில் கேட்டான்: "அக்கா, நேற்று எட்டு மணிக்கோ வீட்டை வந்தனீங்கள்?"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி, பை, அடையாள அட்டை எல்லாம் பார்த்து, திரும்ப ஏற்றி அனுப்பியதில் பிந்திவிட்டது. அதை ஏன் அவனுக்கு நான் சொல்லவேண்டும்? அப்பாவைப் பார்க்கவா பெட்டி அனுப்பினான், என்னைப் பார்க்கவா?

"ஏன் தம்பி, உங்கை இருந்துகொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எனக்கு இடாப்புக் கூப்பிடுறியோ?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகு போனைத் தூக்கும்போதெல்லாம் கம்பியில் கிளிக் என்று ஒரு சத்தம் கேட்பதுபோல இருந்தது. பெட்டியா, யாரும் ஒட்டுக் கேட்கிறார்களா தெரியாது. அன்று தொடக்கம் பெட்டியின்மேல் அம்மா பின்னிய வெள்ளைத் துணியொன்றைப் போட்டு, முன்னால் ஒரு பூச்சாடியையும் வைத்தேன். வீட்டுக்கு யாரும் வந்தால் அந்த மூலைக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன்.

மறைத்து வைப்பது எனக்குப் புத்தியாகப்பட்டது. அப்போது நாங்கள் எல்லோரும் வீட்டு விபரப் படிவமொன்றைப் பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய பிரதியை வாசல் அலமாரியில் வைத்திருந்தோம். வீட்டில் இருப்பவர் பெயர், வயது, வீட்டுத் தலைவருக்கு என்ன முறை, நிரந்தர விலாசம், கொழும்புக்கு வந்த காரணம், எவ்வளவு காலம் இருப்பார். வவுனியாவிலிருந்து ஒருவர் கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற இரண்டு நாள் வந்தாலும் பதியவேண்டும். ஆமியும் பொலிசும் சுற்றிவளைப்பில் வந்தால் முதலில் படிவத்தைத்தான் கேட்பார்கள். ஆட்களை எண்ணுவார்கள், பிறகு அலமாரியைத் திறப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பழைய வானொலியின் கம்பி யன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது என்பதற்காக வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் நாள் விட்டார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். தம்பி கந்தோருக்கே போன் எடுத்தான். குரல் பதுங்கிப் பதுங்கி வந்தது.

"அக்கா, கோபிக்காதேங்கோ. அப்பா ஒவ்வொரு நாளும் எங்கை போறவர்?"

"எங்கையும் போறேல்லையே."

"பத்து மணிக்குக் கதவு திறக்குது. அது சமைக்கிற அக்கா போறது. பத்தேகாலுக்குத் திரும்பத் திறக்குது. பிறகு பன்னிரண்டரைக்கு ஒருக்கா. நடுவிலை படுக்கையிலையும் ஆள் இல்லை. மூண்டு கிழமையா இப்பிடித்தான்."

முதலில் பெட்டியைச் சந்தேகித்தேன். அடுத்து தம்பியை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஊத்தை உடுப்புக் கூடையைக் கிளறினேன். வீட்டில் வெறும்மேலோடு, இடுப்பில் சாரத்தோடு இருக்கிற மனிதர். கூடைக்குள் அவருடைய வெள்ளைச் சேர்ட்டுகள் ஐந்து கிடந்தன, எல்லாம் முதுகில் வியர்த்துக் காய்ந்தவை. அந்த மூன்று மாடியையும் இந்த மனிதர் தினமும் இறங்கி, நடுப்பகல் வெயிலில் ஏறுகிறார்.

"அப்பா, பகலிலை வெளியிலை போறனீங்களோ?"

"நான் எங்கை பிள்ளை போறது? காத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறனான்."

"சேர்ட்டு?"

"வீட்டிலை ஒரு மனிசன் சேர்ட்டுப் போடக்கூடாதோ?"

அப்பா பொய் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார். நான் மேலே கேட்கவில்லை. அவரை விட்டுவிட்டு, என் வழக்கப்படி, பிழையான ஆளைப் பிடித்தேன்.

மறுநாள் காலை சமைக்க வந்த அக்காவைக் குசினியில் நிறுத்தினேன். அவ ஹட்டன் பக்கம். எங்களிடம் வந்து ஒரு வருடம். ஒருநாள்கூட ஒரு கரண்டி இடம் மாறியதில்லை.

"பத்தேகாலுக்குத் திரும்பி வாறது யார்? நீங்களா? வீட்டிலை ஆள் இல்லாத நேரம் பாத்து வாறீங்களோ?"

அவ தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"மிஸ், நான் எடுக்கணும்னு நெனச்சா இந்த ஒரு வருசத்துல எடுத்திருக்க மாட்டேனா? ஐயாவக் கேளுங்க. என்னையக் கேக்காதீங்க."

துருவி முடித்து, பலகையைக் கழுவி வைத்து, கையைத் துடைத்துவிட்டு, போய்விட்டா. அதற்குப் பிறகு அவ வரவில்லை. அவவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகம் சுடும்.

நான் அரைநாள் லீவு எடுத்தேன். சொல்லாமல் திரும்பி வந்து, எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் இடத்துக்கு எதிரே இருந்த பார்மசியில் பனடோல் வாங்குகிறமாதிரி நின்றேன். பத்தேகால் கழிந்து அப்பா வந்தார். வெள்ளைச் சேர்ட், காற்சட்டை, கையில் கச்சேரிக் காலத்துப் பைல். மண்மூட்டைச் சாவடியில் நின்றார். இரண்டு கையையும் உயர்த்தினார். அவருடைய மகனாக இருக்கக்கூடிய வயதுள்ள சிப்பாய் ஒருவன் விலாவைத் தடவிப் பார்த்தான். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு போகவிட்டான். அப்பா நிழல் பக்கமாக நடந்து, இரண்டு ஒழுங்கை தாண்டித் திரும்பினார். அங்கே ஒரு பழைய வீட்டை எடுத்துப் பொலிஸ் காவலரணாக்கியிருந்தார்கள். அப்பா அதன் படலையைத் தானே திறந்து உள்ளே போனார். வாசலில் நின்றவன் அவரை ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்த ஆளுக்குப்போலத் தலையை ஆட்டினான்.

அந்த நாளில் ஒரு தமிழர் தன்பாட்டில், தினமும், பொலிசுக்குப் போகிறார் என்றால் அதற்கு எங்கள் சனம் ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தது: காட்டிக்கொடுக்கிறவர். வானொலிக் கம்பி வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் கீழ்மாடியிலிருந்து பொலிஸ் கூட்டிப்போன இரண்டு பெடியள் ஞாபகத்துக்கு வந்தார்கள். என் அப்பாவா? தினமும் வந்து ஆரைப் பற்றிச் சொல்லுகிறார்? நான் அப்படி நினைத்தேன். என்னைப் பெற்று வளர்த்த மனிதரைப் பற்றி, ஒரு முற்பகலில், வெயிலில் நின்று அப்படி நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் நினைத்தது உண்மை.

உள்ளே போனேன். விறாந்தையில் ஒரு நீள வாங்கு. அதன் ஓரத்தில் அப்பா பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. என்னைக் கண்டதும் எழும்பினார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் ஆஸ்பத்திரியிலும் கண்டதில்லை.

"நீ ஏன் வந்தனி? போ, பிள்ளை. வீட்டை போ."

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

"ஒண்டும் கதையாதை. போ எண்டு சொல்லுறன்."

மேசையிலிருந்த சார்ஜன்ட் தலையை நிமிர்த்தி, இது யாரென்று சிங்களத்தில் கேட்டார். மகள் என்றேன். அவர் சிரித்தார். "ஆ, பெட்டி வீட்டு ஐயாவின் மகளா? அப்பா எங்களுக்கு ஒரு பெட்டியைப் பதிந்து தந்திருக்கிறார்" என்று படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

எங்கள் வீட்டு விபரப் படிவம்தான். அப்பா, நான். மூன்றாவது வரியில் அப்பாவின் கச்சேரிக் கையெழுத்து. பெயர்: வீட்டுக் கண்காணிப்புப் பெட்டி, வெள்ளை நிறம், ஒன்று. வீட்டுத் தலைவருக்கு முறை: மகன் அனுப்பியது. நிரந்தர விலாசம்: லண்டன். வந்த காரணம்: எனது உடல்நிலையைப் பார்த்துக்கொள்ள. தங்கும் காலம்: நான் இருக்கும்வரை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்பது வருடம் படிவம் நிரப்பிய மனிதர். அன்ரெனா வைத்த சாமான் ஒன்று வீட்டுக்கு வந்தால் அதையும் பதியவேண்டும் என்று அவருக்குத்தான் தோன்றும். முதலில் அவர்களும் சிரித்திருக்கிறார்கள். பிறகு லண்டனுக்குப் பேசும் பெட்டி என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வேலைக்குப் போன ஒருநாள் இரண்டு பேர் வந்து துணியை நீக்கிப் பார்த்து, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெட்டி இடம் மாறவில்லை, யாரிடமும் கொடுக்கவில்லை என்று தினமும் பத்தரைக்கு வந்து அப்பா கையெழுத்து வைக்கவேண்டுமாம். கழற்றி எறியவும் ஏலாது. எறிந்தால் எங்கே போனது என்று காட்டவேண்டும்.

நான் வாயை மூடிக்கொண்டு அப்பாவைக் கூட்டிவந்திருக்கலாம். எனக்கு அது வராது. கோபம் தலைக்கேறினால் என் சிங்களம் ஆற்றுவெள்ளம்போல வரும்.

"மாத்தயா, இவர் இருதய நோயாளி. படி ஏறக்கூடாதென்று டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். இவருக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது. அந்தப் பெட்டி என் பெயருக்கு வந்தது. நான்தான் கொண்டுவரச் சொன்னேன். நான்தான் கதிரையில் ஏறிப் பூட்டினேன், கம்பி கொடுத்தேன். கேட்கிறதை என்னைக் கேளுங்கள். இந்த மனிதரை ஏன் இந்த வெயிலில் இழுக்கிறீர்கள்?"

சார்ஜன்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. புத்தகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி ஓரிடத்தில் விரலை வைத்து மெல்ல வாசித்தார். அது மூன்று கிழமைக்கு முன்னால் அப்பா கொடுத்த வாக்குமூலம். "பெட்டியைத் தருவித்தது நான். பூட்டியது நான். என் மகளுக்கு இதுபற்றி எதுவும் தெரியாது. பிரிட்ஜுக்குக் கரண்டைச் சீராக்கும் பெட்டியென்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், துடைக்கவில்லை.

"இப்போது எது உண்மை?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

அரை மணித்தியாலம் என் வாக்குமூலம் எழுதினார்கள். எங்கே வேலை, யாருடைய கந்தோர், என்ன சாமான் இறக்குமதி, தம்பி எப்போது போனான், எப்படிப் போனான். பிறகு அப்பாவின் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, அந்த இடத்தில் என் பெயரை எழுதினார்கள். ஐயா நோயாளி, நாளைக்கிருந்து வரத் தேவையில்லை, மகள் வேலை முடிந்து பின்னேரம் வந்து கையெழுத்து வைக்கட்டும் என்று சார்ஜன்ட் சொன்னார். நான் கேட்டது அதைத்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா நிழலில் இரண்டு தரம் நின்றார். இரண்டாம் தரம் நின்றபோது கேட்டேன்.

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ அங்கை போய் நிப்பாய். இப்ப நிண்டது மாதிரி."

"நான் துணி போட்டு மறைச்சுத்தானே வைச்சனான்?"

"அதுதான் பிள்ளை எனக்குப் பயம். மறைச்சு வைச்சு ஆம்பிட்டா, உன்னைத்தான் கொண்டுபோவங்கள். நான் போய்ச் சொல்லி வைச்சா, என்னோடை போயிடும். எனக்கு என்ன, இருதய வருத்தக்காரன், ரெண்டு நாள் வைச்சுப்போட்டு விடுவங்கள். உன்ரை பேர் அந்தப் புத்தகத்திலை வரப்படாது எண்டு இருந்தனான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒன்று பிழைத்துப்போனதைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலி வீதியில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து நான் போனேன். ஐந்தேமுக்காலுக்குப் பஸ்ஸால் இறங்கி நேரே காவலரணுக்கு. சிலநாள் பத்து நிமிடத்தில் விட்டார்கள். சிலநாள் பொறுப்பானவர் வெளியே போய்விட்டார் என்று அதே வாங்கில் ஏழுவரை, ஏழரைவரை இருந்திருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கேட்பார்கள். தம்பிக்கு நான் எதையும் சொல்லவில்லை. போனில் சொல்லுகிற விஷயமா அது? வீட்டுக்கு வந்து மணியை அடித்தால் அப்பா கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்க் கதிரையில் இருந்து பேப்பரைத் தூக்குவார். மகளை இந்த வில்லங்கத்தில் மாட்டிவிட்டு மனிதர் நிம்மதியாகப் பேப்பர் வாசிக்கிறாரே என்று, எல்லாம் தெரிந்த பிறகும், எனக்கு உள்ளே ஒரு சின்னக் குறை இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் எடுத்தான். குரலில் நல்ல சந்தோஷம்.

"அக்கா, அப்பா இப்ப பகலிலை எங்கையும் போறேல்லை, பாத்தனான். நீங்கள் ஏதோ சொல்லித் திருத்திப்போட்டியள். ஆனா கதவிலை இருக்கிற அந்தக் காந்தம் பழுதாப்போச்சுப் போலை."

"ஏன்?"

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஞ்சரை தொடங்கினா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா கதவு திறக்குது, பூட்டுது, திறக்குது, பூட்டுது எண்டு காட்டுது. நீங்கள் வீட்டை வாறவரைக்கும். நீங்கள் வந்தாப்பிறகு நிக்குது. ஆரும் அப்பிடிச் சும்மா கதவைத் திறந்து பூட்டமாட்டினம்தானே. நான் புதுக் காந்தம் ஒண்டு அனுப்பட்டோ?"

அப்பா எனக்கு எதிரே கதிரையில் இருந்தார். பேப்பர் முகத்தை மறைத்திருந்தது.

"வேண்டாம் தம்பி," என்றேன். "கதவு நல்லாத்தான் இருக்கு."